கம்பம் - கூடலூர் ரோட்டு டீசல் பட்டறை: பழைய பிக்கப் வண்டி மிஸ்ஸிங்குக்குப் போகலாம், ஆனா அவசரத்துக்குப் போகாதீங்க

பழைய டீசல் பிக்கப்ப வச்சுக்கிட்டு மிஸ்ஸிங் அடிக்குது (சிலிண்டர் ஒழுங்கா எரியாம இஞ்சின் விட்டு விட்டு ஓடுறது), ஜர்க் அடிக்குது, மேட்டுல புல்லிங் இல்லன்னு பட்டறை பட்டறையா அலையுறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. புது வண்டி வச்சிருக்கவங்க தாராளமா தாண்டிப் போயிரலாம், உங்களுக்கு அங்க வேலை இல்ல, ஏன்னு கீழ சொல்றேன். கடை கம்பத்துல இருந்து கூடலூர் போற ரோட்ல இருக்கு, தேனி மாவட்டத்துக் கூடலூர்ங்க, மேப்ப நம்பி நீலகிரிப் பக்கம் போயிறாதீங்க. போர்டு கிடையாது, தகர செட்டு, முன்னாடி நாலஞ்சு எஸ்டேட் ஜீப்பு பானெட்டத் தொறந்துக்கிட்டு நிக்கும், பம்ப் வேலை பாக்குற அண்ணன் கடை எதுன்னு எந்த டிரைவர்கிட்ட கேட்டாலும் கை காட்டுவாங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னும் எழுதிருக்கேன், அதையும் படிச்சுட்டுப் போங்க, போயிட்டு வந்து என்னையத் திட்டாதீங்க.

நம்ம வண்டி 2009 மாடல், நாலு சிலிண்டர் டர்போ டீசல், இஞ்சினுக்கு டீசல் அனுப்புற பம்ப்பு கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத மெக்கானிக்கல் பம்ப். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, இந்த வயசுல எல்லாக் கம்பெனி வண்டியும் இதே கூத்துதான் பண்ணும். கம்பத்துல காய்கறி, வாழைக்காய், சீசனுக்குத் திராட்சை ஏத்திக்கிட்டு லோயர்கேம்ப் வழியா குமுளி ஏறி வண்டிப்பெரியாறு, சில நாள் கட்டப்பனை. வண்டி பண்ணுன சேட்டை என்னன்னா, காலையில செல்ஃப் அடிச்சதும் ஸ்டார்ட் ஆயிரும், ஆனா வெள்ளப் புகையா கக்கும், பக்கத்துல நின்னா கண்ணு எரியும், கியர் லீவர் தானா ஆட்டம் போடும், ஸ்டீயரிங் புடிச்ச கை மரத்துப்போற அளவுக்கு உதறல். சூடேறுனா அந்த உதறல் பாதியா குறைஞ்சிரும். சரி அது தொலையட்டும்னு பாத்தா மலை ஏறும்போது வேற கதை, ரெண்டாவது கியர்ல லோடோட நல்லா ஏறிக்கிட்டே இருக்கும், திடீர்னு சக்தியே இல்லாம அப்படியே அமுங்கும், ஆக்ஸிலேட்டர மிதிச்சா மிதிச்ச இடத்துலயே நிக்கும், ரெண்டு மூணு விக்கல் விக்கிட்டு மறுபடி எடுக்கும். இதுல பைத்தியம் புடிக்க வைக்கிற விஷயம் என்னன்னா, அதே மலை, அதே லோடு, இன்னொரு நாள் ஒன்னுமே பண்ணாம சமர்த்தா ஏறிரும். பின்னாடி கேரளா ஸ்டேட் பஸ்சு ஹார்ன் அடிச்சுக்கிட்டு ஒட்டி வரும்போது கொண்டை ஊசி வளைவுல வண்டி விக்குனா என்ன ஆகும்னு அந்த ரோட்ல ஓட்டுறவங்களுக்குத் தெரியும்.

இங்க வர்றதுக்கு முன்னாடி மத்த இடங்கள்ல கேட்ட தீர்ப்பு எல்லாம் ஒரு தினுசா இருந்துச்சு. ஒருத்தர் பானெட்டக் கூடத் தொறக்கல, சத்தத்த மட்டும் கேட்டுட்டு பம்ப் போச்சு 28,000 ஆகும்னாரு. இன்னொருத்தர் புகையப் பாத்துட்டு போர் அடிக்கணும் (தேஞ்ச சிலிண்டரக் கடைஞ்சு பெருசாக்குறது), பிஸ்டன் மாத்தணும், இஞ்சின இறக்கிரலாம்னாரு, அது அம்பதாயிரத்துக்கு மேல போற வேலை. மூணாவது எடத்துல டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் ரெண்டையும் மாத்திட்டு காச வாங்கிட்டு இப்ப ஓட்டிப் பாருங்கன்னாங்க, ஓட்டிப் பாத்தேன், அப்படியேதான் இருந்துச்சு. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்னுல கம்ப்யூட்டர் ஸ்கேனர் போட்டுப் பாத்துருவோம்னு ஒரு பையன் சொன்னான், தம்பி இந்த வண்டியில அத மாட்ட எடமே கிடையாதுடான்னு சொல்லிட்டு வந்துட்டேன். எல்லாருக்கும் என்ன மாத்துறதுன்னு சொல்லத் தெரியுது, என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கிறதுக்கு யாருக்கும் நேரம் இல்ல.

இந்தக் கடையோட விசேஷம் அதுதான். இங்க கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா காசு. பாக்குற கூலின்னு 600 ரூவா, கோளாறு சின்னதோ பெருசோ, அவர்கிட்ட வேலை குடுத்தாலும் குடுக்காட்டியும் அந்தக் காசு குடுத்துறணும். இதக் கேட்டுட்டு முகத்தச் சுழிச்சுக்கிட்டு வண்டியத் திருப்பிக்கிட்டுப் போனவங்கள நானே பாத்தேன், சும்மா பாக்குறதுக்கு எதுக்குய்யா காசுன்னு. என்னையக் கேட்டா அந்த 600தான் அந்தக் கடையிலயே உருப்படியான செலவு. மத்த எடத்துல பாக்குறது ஃப்ரீ, அதனாலதான் சாமான மாத்தித்தான் அவன் சம்பாதிக்க வேண்டிருக்கு, தேவை இருக்கோ இல்லையோ.

போன உடனே வண்டியத் தொடல. மர பெஞ்சுல உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்து கேள்வியா கேட்டாரு. புகை என்ன கலர்? காலையில மட்டுமா, நாள் பூராவுமா? உதறல் சூடானா கூடுதா குறையுதா? இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா என்ன வேலை பாத்தீங்க? மலையில விக்குறப்ப டேங்க்ல எம்புட்டு டீசல் இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்விய அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. நான் யோசிச்சுட்டு, ஃபுல் டேங்க் அடிக்கிற வழக்கமே இல்லண்ணே, ஆயிரம் ரூவா, ரெண்டாயிரம் ரூவாய்க்கு அடிச்சு ஓட்டுறதுதான், எப்பயாச்சும் வாடகை மொத்தமா கைக்கு வந்தா லோயர்கேம்ப்லயே ரொப்பிக்கிறதுன்னேன். ரொப்புன அன்னைக்கு விக்கிருக்கா தம்பின்னாரு. எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு, விக்குனதா ஞாபகமே இல்ல.

உடனே அவரு, தம்பி காலையில வர்ற நோய் வேற, மலையில வர்ற நோய் வேற, ரெண்டையும் ஒன்னாச் சேத்துப் பாத்ததாலதான் எல்லாரும் குழம்பிட்டாய்ங்க, வண்டிய ராத்திரி விட்டுட்டுப் போங்க, விடியக்காலம் ஆறின இஞ்சின்ல பாத்தாத்தான் தெரியும்னாரு.

விடியக்காலம் நானும் கூடவே நின்னேன். இந்த ஆளு வேலை செய்யுற வரிசை இருக்கே, அதுக்காகவே போய்ப் பாக்கலாம். செலவே இல்லாத சோதனை மொதல்ல, பிரிக்க வேண்டிய சோதனை கடைசியில. டீசல நிறுத்தி வச்சுட்டு பையன செல்ஃப் மட்டும் அடிக்கச் சொன்னாரு, இஞ்சின் ஸ்டார்ட் ஆகாம வெறுமனே சுத்தும்ல, அந்தச் சத்தத்தக் கண்ண மூடிக் கேட்டாரு. நாலு சிலிண்டரும் நல்ல கம்ப்ரஷன்ல இருந்தா ஒரே தாளமா வரும், ஒன்னு செத்துருந்தா நடுவுல ஒரு அடி சறுக்கி வேகமாப் போகும். நம்ம வண்டி ஒரே தாளம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விட்டுட்டு இஞ்சின் ஆயில் ஊத்துற மூடியக் கழட்டி தலைகீழாக் கவுத்து அந்த ஓட்டை மேலயே சும்மா வச்சாரு. பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போயி கேஸ் கீழ எறங்குச்சுன்னா மூடி குதிச்சு ஓடிரும். நம்மளது லேசா நடுங்குச்சு, அம்புட்டுத்தான், எடத்த விட்டு நகரல. போர் அடிக்கச் சொன்னது யாருன்னு கேட்டாரு, சொன்னேன், சிரிச்சுக்கிட்டே அடுத்த வேலைக்குப் போயிட்டாரு. அம்பதாயிரம் ரூவா பயம் அந்த மூடியோட போச்சு.

அடுத்தது நட்டு லூஸ் பண்ற சோதனை. பழைய ஆளுங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா பொறுமையா செய்யுறவங்க கம்மி. இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பம்ப்ல இருந்து நாசிலுக்கு, அதான் சிலிண்டருக்குள்ள டீசலத் தூவுற முனைக்கு, போற இரும்புப் பைப்போட நட்ட ஒவ்வொன்னா அரைச் சுத்து லூஸ் பண்ணுவாங்க, அந்த சிலிண்டருக்கு டீசல் போகாம வெளிய கசிஞ்சிரும். நல்லா வேலை செஞ்ச சிலிண்டரா இருந்தா இஞ்சின் உடனே தடுமாறி சத்தம் மாறும், ஏற்கனவே தூங்குற சிலிண்டரா இருந்தா ஒரு மாத்தமும் இருக்காது. ஒன்னாவதுல தடுமாறுச்சு, ரெண்டாவதுலயும் அப்படியே, மூணாவதுல நட்டுல டீசல் நுரையா வழியுது, இஞ்சினுக்கு ஒரு சொரணையும் இல்ல. நாலாவதுல மறுபடி தடுமாறுச்சு. ஆக காலையில வேலைக்கு வராதது மூணாம் நம்பர்.

இந்த எடத்துல ஒரு முக்கியமான விஷயம், தயவுசெஞ்சு இதப் படிச்சுட்டு காமன் ரெயில் வண்டியில, அதாவது கம்ப்யூட்டர் கண்ட்ரோல்ல ஓடுற புது டீசல் வண்டியில, யாரும் இந்த நட்டத் தொட்டுறாதீங்க. பழைய மெக்கானிக்கல் நாசில் சுமார் 200 பார் பக்கம் பிரஷர்ல தொறக்கும், அதுக்கே கையக் குறுக்க வைக்கக் கூடாதும்பாங்க. காமன் ரெயில்ல ஆயிரம் பாருக்கு மேலயும் ஏறும், ஊசியா பீச்சுற டீசல் தோலத் தொளச்சு உள்ள எறங்கிரும், பாக்க எறும்பு கடிச்ச தடம்தான் தெரியும், ஆனா உள்ள சதை அழுகி கையையே எடுக்குற நெலமை வந்துரும். பழைய வண்டியிலயும் அவரு கண்ணாடி போட்டுக்கிட்டு துணியச் சுத்திப் புடிச்சுக்கிட்டுத்தான் செஞ்சாரு.

மூணாம் நம்பர்னு தெரிஞ்சதும் சாதாரண ஆளா இருந்தா நாசில மாத்துங்கன்னு சொல்லிருவாங்க. இவரு அங்கயும் நிக்கல. மூணுல இருந்த நாசில ஒன்னுலயும், ஒன்னுல இருந்தத மூணுலயும் மாத்திப் போட்டாரு, அடியில புது காப்பர் வாஷர் போட்டு. ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணி நட்டு சோதனை, இப்ப மூணாம் நம்பர் நல்லா அடிக்குது, ஒன்னாம் நம்பர் தூங்குது. நாசில் போன எடத்துக்கே நோயும் கூடப் போச்சு. மூணாம் நம்பர்லயே நின்னுருந்தா பம்ப்பு, இல்ல வால்வு, இல்ல பைப்புன்னு சந்தேகப்படலாம், கூடவே போனதால நாசிலத் தவிர வேற எதுவும் இல்ல. 28,000 ரூவா பம்ப் வேலைக்கு அங்கயே சமாதி கட்டியாச்சு. இதச் செய்யுறதுக்கு ரெண்டு காப்பர் வாஷரும் கொஞ்சம் பொறுமையும் தவிர என்ன செலவு சொல்லுங்க.

நாசில டெஸ்டர்ல மாட்டி கைப்பம்ப் அடிச்சுக் காட்டுனாரு. நல்ல நாசில் கர்ர்னு ஒரு சத்தத்தோட பனி மாதிரி தூவுச்சு, அடிச்சு முடிச்சதும் முனை காஞ்சு இருந்துச்சு. நம்மளது ஒரு பக்கம் கோடா பீச்சுது, அடிக்கிறத நிறுத்துனதுக்கு அப்புறமும் முனையில ஒரு சொட்டு தொங்கிக்கிட்டு நிக்குது. அந்தச் சொட்டுதான் காலையில ஆறின இஞ்சின்ல எரியாம வெள்ளப் புகையா கண்ண எரிச்சது. சூடேறுனா எரிஞ்சிரும், அதான் உதறல் குறையுது. இங்க எல்லாரும் இன்னும் மைக்கோ பம்ப், மைக்கோ நாசில்னுதான் சொல்லுவாங்க, கம்பெனி பேரு 2008லயே பாஷ்னு மாறிருச்சு, ஆனா கூடலூர்ல கடைக்காரர்கிட்ட மைக்கோன்னு கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பாரு. அந்த ஒரு நாசில மட்டும் புதுசு போட்டு, மிச்ச மூணையும் கழுவி நாலுக்கும் தொறக்குற பிரஷர ஒன்னு போல செட் பண்ணிக் குடுத்தாரு. நாலையும் புதுசு போட்டுரலாமேன்னு நானே கேட்டேன், எதுக்கு தம்பி நல்லா இருக்கறதத் தூக்கிப் போடுறீங்கன்னுட்டாரு.

காலை நோய் முடிஞ்சுச்சு, இனி மலை நோய். எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி இதுதான். டேங்க்ல இருந்து டீசல இழுக்குற ஃபீட் பம்ப்புக்கு வர்ற லைன்ல ஒரு ஜான் நீளத்துக்கு தெளிவா உள்ள தெரியுற பிளாஸ்டிக் டியூப்ப நடுவுல மாட்டுனாரு. அப்புறம் ஒரு அஞ்சு லிட்டர் கேன்ல டீசல் ரொப்பி, டேங்க் லைனக் கழட்டி கேன்ல சொருகி, மிச்ச டீசல் திரும்பிப் போற ரிட்டன் லைனையும் கேனுக்கே திருப்பிவிட்டாரு, இல்லாட்டி கேன்ல உள்ளது எல்லாம் டேங்க்குக்குப் போயிரும். பின்னாடி தக்காளிப் பெட்டி லோடு என்னோடதே இருந்துச்சு. கேன பானெட்டுக்குள்ள கட்டி வச்சுட்டு லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறுனோம், அவரே ஓட்டுனாரு. ஒரு விக்கல் கூட இல்ல. மேல ஓரமா நிறுத்தி கேனக் கழட்டி டேங்க் லைனையே பழையபடி மாட்டி, கீழ எறங்கி வந்து மறுபடி ஏறுனோம். டேங்க்ல கால்வாசிதான் டீசல். மூணாவது வளைவுலயே விக்க ஆரம்பிச்சிருச்சு. அப்படியே ஓரங்கட்டி இஞ்சின ஓடவிட்டு பானெட்டத் தொறந்து காட்டுனாரு, டியூப்புக்குள்ள காத்துக் குமிழு பாசிமணி கோத்த மாதிரி ஒன்னு பின்னாடி ஒன்னா ஓடிக்கிட்டு இருக்கு. பம்ப் டீசல் கேட்டா காத்து போகுது, அதான் அமுங்குது.

ஏர் எடுக்குதுன்னு வேற ஒருத்தரும் முன்னாடி சொன்னதுதான், ஆனா எங்கயும் ஒழுகலயே அதனால ஏர் இல்லன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. இதுலதான் எல்லாரும் ஏமாறுறது. டேங்க்குல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள லைன் உறிஞ்சுற லைன், அதுல ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். தரையில ஒரு சொட்டு இருக்காது, ஆனா வண்டி விக்கும்.

பட்டறைக்கு வந்து அந்த லைன ரெண்டு பக்கமும் அடைச்சு லேசா காத்து ஏத்தி, ஜாயிண்டு ஜாயிண்டா சோப்புத் தண்ணி தடவுனாரு. பைப்ப இணைக்கிற ஓட்டை போல்ட்டு, பேஞ்சோ போல்ட்டும்பாங்க, அது ஒன்னுல மட்டும் பொடிசா ரெண்டு குமிழு, மத்த எடம் சுத்தம். வாஷர் மாத்துனாரு. பழைய ரப்பர் டியூப்பும் விரல்ல வளைச்சா வெடிப்பு தெரிஞ்சது, அதையும் மாத்தச் சொன்னாரு. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6ங்கிற புகை விதி வந்ததுல இருந்து பங்க்ல வர்ற டீசல்ல கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல பத்துப் பங்கு), பிஎஸ் 4 காலத்துல 50, பிஎஸ் 3 காலத்துல 350 இருந்துச்சு. கந்தகத்த எடுக்குறப்ப டீசலோட சேர்மானமும் கொஞ்சம் மாறுது, பழைய டீசல்ல ஊறிப் பழகுன ரப்பர் சீலு இதுல சுருங்கி கசியுறது உண்டு, அதனால பத்துப் பதினஞ்சு வருசத்து வண்டிக்கு டீசல் லைன் ரப்பர் எல்லாத்தையும் ஒரு தடவை மாத்திறது நல்லதுன்னாரு. காசு புடுங்கச் சொல்றாரோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு, ஆனா டியூப்ப வெளிய நீங்களே வாங்கிட்டு வாங்கன்னுட்டாரு, அதனால சந்தேகம் போச்சு.

அந்த ரெண்டு பொடிக் குமிழுக்கு இம்புட்டு காத்து வராதே, டேங்க்கு ரொப்புனா ஏன் விக்கலன்னும் கேள்வி மிச்சம் இருக்கே. டேங்க் மேல இருக்குற, டீசல் அளவு காட்டுற ஃப்ளோட் யூனிட்டக் கழட்டி, டீசல் உறிஞ்சுற பைப்ப வெளிய எடுத்தாரு. சும்மா பாத்தா நல்ல பைப்பு. அடி முனையக் கட்டை விரலால அடைச்சுக்கிட்டு டீசல் தட்டுல முக்கி மேல் பக்கம் சின்ன டியூப் போட்டு ஊதுனாரு. நடுவுல, ஒரு பட்டை வச்சு ஒட்டவச்ச எடத்துல இருந்து கொப்புளம் கொப்புளமா வந்துச்சு. நகத்த ஓட்டிப் பாத்தாத்தான் தட்டுப்படுது, மயிரிழை வெடிப்பு. டேங்க்ல டீசல் அந்த வெடிப்புக்கு மேல நின்னா டீசலத்தான் உறிஞ்சும், ஒன்னும் தெரியாது. கீழ எறங்குனா காத்த உறிஞ்சும். சமரோட்டுல கொஞ்சமா எடுத்துக்கிட்டு சமாளிச்சிரும், மலையில டீசல் டேங்க்குக்குப் பின்பக்கம் சாஞ்சிரும், இஞ்சினும் அப்பத்தான் அதிகமா கேக்கும், மாட்டிக்கும். ஆயிரம் ரூவாய்க்கு டீசல் அடிக்கிற நம்ம மாதிரி வாடகை வண்டிக்காரங்களுக்குத்தான் இது வரும், எப்பவும் ரொப்பி ஓட்டுறவனுக்கு ஜென்மத்துக்கும் தெரியாது. மேல இருந்து வர்ற சேட்டன்மாரு வண்டிக எல்லாம் கேரளால டீசல் விலை கூடன்னு கம்பத்துலயே ரொப்பிக்கிட்டுத்தான் ஏறுவாங்க, அவங்க இந்தக் கோளாறோட வருசக்கணக்கா ஓட்டுனாலும் ஆச்சரியம் இல்ல.

பைப்ப லேத்துப் பட்டறைக்கு அனுப்பி வெடிப்பப் பித்தளையில பத்தவச்சு அடைச்சு மறுபடி ஊதிப் பாத்து மாட்டிட்டாரு. இத டேங்க்குல இருந்து தனியா எடுக்க முடிஞ்சதால செஞ்சேன், டேங்க்லயே ஓட்டைன்னா எவன் சொன்னாலும் நேரா வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயிறாதீங்க, காலி டேங்க்குல நிக்கிற ஆவிதான் வெடிக்கும்னும் சொல்லிவிட்டாரு. ஃபில்டர் அடியில இருக்குற தண்ணி வடிக்கிற திருகைத் தொறந்து கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு வச்சாரு, டீசல் தண்ணிய விட லேசு, தண்ணி இருந்தா அடியில தனியா நிக்கும். நம்மளதுல இல்ல. குமுளிப் பக்கம் மழைக்காலத்துல ஓட்டுற வண்டிக்கு அடிக்கடி இதச் செஞ்சுக்கங்கன்னாரு.

பில்லு, அதாவது துண்டுச் சீட்டு: பாக்குற கூலி 600, நாசில் ஒன்னு 950, நாலு நாசில் டெஸ்ட்டும் செட்டிங்கும் 1,000, வாஷர் வகையறா 180, டியூப்பு கிளாம்ப்பு 320, பித்தளைப் பத்தவைப்பு 200, வேலைக் கூலி 900. ஆக 4,150. டியூப்பு, கிளாம்ப்பு நான் வாங்கிட்டு வந்தத அவர் கணக்குல சேத்துச் சொல்றேன், புரிஞ்சுக்கங்க. கழட்டுன பழைய நாசில், வாஷர், டியூப்பு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக் கையில குடுத்துட்டாரு, நான் கேக்காமலே.

இப்ப வண்டி எப்படி இருக்குன்னா, மலையில விக்கல் சுத்தமா போச்சு, டேங்க் ரிசர்வ் பக்கம் இருந்தாலும் இழுக்குது. காலையில வெள்ளப் புகை ஸ்டார்ட் பண்ணுன கொஞ்ச நேரத்துக்கு வந்துட்டு நின்னுருது. மைலேஜ் பெருசா ஒன்னும் கூடல, கூடுச்சுன்னு யாராச்சும் எழுதிருந்தா நம்பாதீங்க. ஐடிலிங்ல லேசா ஒரு ஆட்டம் மட்டும் இருக்கு, அது இஞ்சின் மவுண்ட் ரப்பர் படுத்துருச்சு, இப்ப அவசரம் இல்ல, கிளட்ச் வேலைக்கு இறக்குறப்ப சேத்துப் பாத்துக்கலாம்னு அவரே சொல்லிட்டாரு.

இனி அந்த ஒரு ஸ்டார் கதை. போன் எடுக்கவே மாட்டாரு, கையெல்லாம் கிரீஸ், போன் பெஞ்சுக்கு அடியில கெடக்கும், நேர்லதான் போகணும். இன்னைக்கு சாயங்காலம் முடிஞ்சிரும்னு சொன்னா நாளைக்கு மத்தியானம்னு எழுதி வச்சுக்கங்க, எனக்கு ஒரு தக்காளி லோடு வேற வண்டிக்குப் போயிருச்சு, அதச் சொன்னா தக்காளி நாளைக்கும் காய்க்கும் தம்பிங்கிறாரு, கடுப்பாயிருச்சு. ஜிஎஸ்டி பில் கிடையாது, கம்பெனிக் கணக்குல ஓட்டுற வண்டிக்கு இது சரிப்படாது. ராத்திரி வண்டி ரோட்டோரந்தான் நிக்கும், பேட்டரிக்குப் பூட்டுப் போட்டுட்டுப் போறது உங்க சமர்த்து. எல்லாத்துக்கும் மேல, வேலை முடிஞ்சு எடுத்துட்டு வந்த பிறகு கேபின்ல டீசல் வாடை, பாத்தா பையன் மாட்டுன ரிட்டன் லைன் கிளாம்ப் ஒன்னு சரியா முறுக்கல, ஈரமா இருந்துச்சு. திரும்பிப் போனதும் காசு வாங்காம சரி பண்ணிக் குடுத்தாரு, பையனுக்கு ஒரு டோஸும் விழுந்துச்சு, ஆனா எனக்குப் பாதி நாள் பொழப்பு போச்சு. இம்புட்டு நுணுக்கமா கண்டுபிடிக்கிற மனுசன் கடைசியா ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வண்டியக் குடுத்துருக்கலாம்ல.

பேச்சும் கொஞ்சம் முரடுதான். நீங்களா பம்ப்பக் கழட்டிக் கோணிப்பையில கட்டிக் கொண்டு போனா தொடவே மாட்டாரு, வண்டியோட வா, இல்லாட்டி போன்னுருவாரு. யூடியூப்ல பாத்தேன்ணேன்னு ஆரம்பிச்சீங்கன்னா அன்னைக்கு உங்க வண்டி வரிசையில கடைசி. ஆனா மலையாளத்துக்காரங்ககிட்ட மட்டும் பேடிக்கண்டா சேட்டான்னு (பயப்படாதீங்கண்ணேன்னு) குழைவாரு, நமக்குத்தான் அந்தக் குழைவு கிடையாது, வெளியூர்க்காரங்கன்னு மரியாதை போல.

போற நேரம் முக்கியம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்புக எல்லாம் சாயங்காலம் எறங்கி வந்ததும் நேரா அங்கதான் நிக்கும், அந்த நேரம் போனா முகங்குடுத்துப் பேச மாட்டாரு. காலையில ஜீப்புக ஏறிப் போனதுக்கப்புறம் பத்து மணி வாக்குல போனீங்கன்னா பொறுமையாப் பாப்பாரு. கார்த்திகை, மார்கழியில போகவே போகாதீங்க, சபரிமலை சீசன்ல போற வண்டிகள கம்பம்மெட்டு வழியா ஏத்தி வர்றத குமுளி வழியா எறக்கிவிடுவாங்க, எறங்கி வர்ற வண்டியில பாதி பிரேக் சூடு, கிளட்ச் வாடைன்னு அந்த ரோட்டுப் பட்டறைகள்லதான் ஒதுங்கும், உள்ளூர் வண்டிக்கு எடமே இருக்காது. ஜிபே இருக்கு, ஞாயித்துக்கிழமை லீவு.

காமன் ரெயில் வண்டி, சென்சார் வண்டி, பிஎஸ் 4க்கு அப்புறம் வந்ததுன்னா அங்க கொண்டு போகாதீங்க, பாக்குற கூலி கூட வாங்காம இது நம்ம வேலை இல்லன்னு அவரே தேனிக்கு அனுப்பிவிட்டுருவாரு. மெக்கானிக்கல் பம்ப் வண்டின்னா டேங்க்க ரொப்பாம, இஞ்சின ராத்திரி ஆறவிடுறதுக்கு நேரம் வச்சுக்கிட்டு, 600 ரூவாயத் தனியா எடுத்து வச்சுக்கிட்டுப் போங்க.